காசு நம்முடையது, சாவி அவர்களிடம்

போன இதழில், ‘காசு கொடுத்து வாங்கிய போனோ கம்ப்யூட்டரோ கேமோ உங்களை வயிறெரிய வைத்ததா? எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தேன். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டன. வேலூர் தோட்டப்பாளையத்தில் என் ரிப்பேர் கடையை மூடிய பிறகு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பாதிப் பேர், ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா, என் மேலதான் தப்பு’ என்றே ஆரம்பித்திருக்கிறீர்கள். அதைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. 20 வருடமாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவள் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பு இல்லை. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

“அக்கா, நாலு வருஷத்துக்கு முன்னாடி டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 2,499 ரூபாய்க்கு ஒரு கார் ரேஸ் கேம் வாங்கினேன். போன மாசம் திறந்தால் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று வருகிறது. மெயில் போட்டேன். சேவையை நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். நான் தனியாகத்தானே விளையாடுகிறேன், எனக்கு எதற்கு சர்வர்?” – ஒரு மாணவர், காட்பாடி

தம்பி, உங்கள் கடைசி வரிதான் சரியான கேள்வி.

கேம் முழுக்க உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், எங்கேயோ இருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம், அதாவது சர்வரிடம், ‘திறக்கலாமா?’ என்று கேட்கும்படி அதை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனால் இந்தப் பக்கம் கதவு திறக்காது. காந்தி ரோட்டில் ஒரு மிக்ஸி வாங்குகிறோம். அந்தக் கம்பெனி நாளைக்கு மிக்ஸி வியாபாரத்தை விட்டுவிட்டால் நம் வீட்டு மிக்ஸி சுற்றாமல் நின்றுவிடுமா? கேமில் அதைச் செய்துவிட்டார்கள்.

உங்களுக்கு நடந்தது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமை வெளியிட்டது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியது. கடையில் சிடியாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு கேம் போனது. இதைப் பார்த்துக் கொதித்துப்போன ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அடுத்த மாதமே ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர்கள் கொடுத்த கோரிக்கைக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டிவிட்டது. அவர்கள் கேட்பது ரொம்ப நியாயமான விஷயம். சர்வரை ஆயுசுக்கும் ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை. மூடும்போது, வாங்கியவன் வீட்டில் அது ஓடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். அவ்வளவுதான்.

மனசிருந்தால் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘கான்கார்ட்’ கேம் சரியாக விற்கவே இல்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, மூடிவிட்டார்கள். ஆனால் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருப்பதை நம்பித்தானே நீங்களும் நானும் அழுத்துகிறோம்? நிபந்தனையைப் படித்தால், நமக்குக் கிடைப்பது விளையாடும் அனுமதி மட்டும்தான் என்று இருக்கும். கலிஃபோர்னியாவில் இதற்காகவே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அனுமதியை மட்டும் விற்பவர்கள், அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக்கூடாது. நம் ஊரில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. வாங்கியபோது வந்த மெயிலையும் வங்கிக் கணக்கில் பணம் போன பக்கத்தையும் எடுத்து வையுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் பணம் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். நுகர்வோர் வழக்குக்கு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். உங்களுக்கு அது எழுந்தது வாங்கிய அன்றல்ல, மூடிய அன்று. நான் அப்படித்தான் வாதாடுவேன்.

இனி வாங்கும்போது, இன்டர்நெட் இல்லாமல் தனியாக விளையாட முடியுமா என்பதை முதலில் பாருங்கள். ஜிஓஜி மாதிரி ஆன்லைன் கேம் கடைகளில் கேமின் இன்ஸ்டால் ஃபைலையே இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் ஒருமுறை வைஃபையை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தச் சோதனை சொல்லிவிடும்.

“என் பையனுக்கு 9 வயசு. இலவச கேம்தானே என்று போனைக் கொடுத்தேன். மூணு நாளில் 7,340 ரூபாய் போய்விட்டது. அவனை அடித்துவிட்டேன். இப்போது அவனும் அழுகிறான், நானும் அழுகிறேன். வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.” – ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் இது இரண்டு மடங்காகக் கனக்கும்.

உங்கள் பையன் திருடவில்லை. அவனுக்கு அது பணம் என்றே தெரிந்திருக்காது. தெரியக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி கேமை ஒரு பிள்ளை கையில் இருந்து வாங்கி நானே உட்கார்ந்து பார்த்தேன். திரையில் எங்கேயும் ரூபாய் இல்லை, வைரக்கல் இருக்கிறது. துப்பாக்கிக்குப் போடும் ஒரு வண்ணச் சட்டை 520 கல். கடையில் கல் மூட்டை 500 ஆக விற்கிறது, இல்லையென்றால் 1,000 ஆக விற்கிறது. 520 எங்கேயும் இல்லை. ஆக, 1,000 வாங்கினால் 480 மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று பிள்ளை இன்னொரு மூட்டை வாங்குவான். பக்கத்தில் ஒரு கடிகாரம், ‘இன்னும் 14 நிமிடம்தான்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். 14 நிமிடம் முடிந்தது. நான் கேமை மூடித் திறந்தேன். கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடியது. ஒன்பது வயதுப் பிள்ளை இதற்கு என்ன செய்வான்?

இந்தப் பொய்க் கடிகாரத்துக்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் ஆளை மயக்கிக் காசு பறிக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் முதலாவதே இந்தப் போலி அவசரம்தான். ‘டார்க் பேட்டர்ன்’ என்று சொன்னால் 1915ல் இருப்பவர்களுக்குப் புரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைப் பற்றியும் வேறு சிலர் எழுதியிருந்தீர்கள். 2017ல் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ கேமில் இப்படிப் பெட்டி வைத்தபோது உலகம் முழுக்க விளையாடுகிறவர்களே சண்டை பிடித்தார்கள். அடுத்த வருடம் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. தேர்த் திருவிழாவில் வளையம் எறியும் கடை பார்த்திருப்பீர்கள். அங்கே சோப்பும் கண்ணாடி டம்ளரும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இதில் அதுகூட இல்லை.

பணத்துக்கு வருவோம். பிளே ஸ்டோர் மூலம் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திரும்பக் கேட்கலாம். முதல் நாள் போனதற்கு நேரம் தாண்டியிருந்தாலும் கடைசி நாள் போனதற்கு இருக்கலாம், உடனே கேளுங்கள். மிச்சத்துக்கு, கேம் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். ‘வாங்கியது 9 வயதுக் குழந்தை, இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது’ என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். இந்த வரிக்கு அப்புறம் பதிலின் தொனியே மாறியதை இரண்டு வாடிக்கையாளர் விஷயத்தில் பார்த்தேன். ஒருவருக்கு முழுப் பணமும் வந்தது, இன்னொருவருக்குப் பாதி. பிறகு, பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். அந்த பாஸ்வேர்டு பையனின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம்.

“பட்டுச் சேலை டிசைன் போட்டோவெல்லாம் அனுப்பும் போன். வாங்கி 14 மாசம். ராத்திரி அப்டேட் கேட்டது, போட்டேன். காலையில் திரை நடுவே மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில், வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்ப்ளே மாற்ற 11,800 என்கிறார்கள். வெளியில் கொடுத்தால் இனி நாங்கள் தொடமாட்டோம் என்றும் சொல்கிறார்கள்.” – ஒரு நெசவாளர், ஆரணி

அண்ணா, பச்சைக் கோடு என்று எழுதி மட்டும் இந்த மாதம் ஏழு பேர். நம் வேலூர் வெயிலில், ஏப்ரல், மே மாதங்களில் என் மேசையில் வரிசையாக இந்தக் கோடுதான் படுத்திருக்கும். ‘இன்னாக்கா, கீழகூட வுழல, கோடு வந்துட்சி’ என்பார்கள். உண்மைதான், கீழே விழுந்திருக்காது.

இப்படிக் கோடு வரும் திரையின் ஓரத்தில், தலைமுடியை விட மெல்லிய கம்பித் தடங்கள் ஓடும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். நாங்கள் ஸ்ட்ரிப் என்போம். லென்ஸ் வைத்துப் பார்த்தால், அது கண்ணாடியோடு சேரும் இடம் சீப்புப் பல் மாதிரித் தெரியும். அந்தப் பல்லில் ஒன்று பிடி விட்டால் அதற்கு நேரான வரிசை நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் எரிய ஆரம்பிக்கும். அதுதான் கோடு. பெரிய அப்டேட் ஓடும்போது போன் ரொம்ப நேரம் சூடாகிறது. ஏற்கெனவே தளர்ந்த பிடி அந்தச் சூட்டில் விட்டுவிடுகிறது என்பது என் அனுபவம். அப்டேட் போடாமல் இருந்தால் பாதுகாப்பில்லை, போட்டால் திரை போகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது நாம்.

உடனே 11,800 கட்டாதீர்கள். இந்தியாவில் இந்தக் கோடு பிரச்சினை பெரிதாகக் கிளம்பியபோது, சில நிறுவனங்கள் வாரண்டி முடிந்த போன்களுக்கும் திரையை இலவசமாக மாற்றிக் கொடுத்திருக்கின்றன. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கவுன்டரில் இருக்கும் பையனிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவன் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். அப்டேட் வந்த தேதி, கோட்டின் போட்டோ, போனில் அடியோ தண்ணீரோ பட்ட தடயம் இல்லை என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட், இந்த மூன்றும் சேர்ந்து போகட்டும். ஜாப் ஷீட்டை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ஆன்லைனில் வாங்கிய போன் என்றால், விற்ற தளமும் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ம் வருட விதி.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பலர் இந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. 2019ம் வருடச் சட்டப்படி, கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம். நாள் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஆணையத்தில் இருந்து நோட்டீஸ் போன உடனே சமாதானத்துக்கு வந்த கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

வெளியில் கொடுத்தால் தொடமாட்டோம் என்று சொன்னதாக எழுதினீர்களே, அதைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் தினமும் ரயில் ரயிலாக நோயாளிகள் வருகிறார்கள். போன மே மாதம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மனைவிக்கு ஆபரேஷன். போன் திரை செத்துப்போச்சு. டாக்டர் பார்க்க வேண்டிய தேதி, பணம் அனுப்பும் ஆப், ஊரில் உள்ள மகளின் நம்பர், எல்லாம் அதற்குள்ளே. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் வர 10 நாள் ஆகும், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். லாட்ஜ் வாடகை கொடுத்துக்கொண்டு 10 நாள் எப்படிக் காத்திருப்பார்? அதே மாடல் பழைய போனில் இருந்து அசல் திரையைக் கழற்றி நான் மாட்டினேன். 40 நிமிட வேலை. போன் உயிர் பெற்றது, ஆனால் ‘இது அசல் உதிரிபாகம் என்று உறுதிசெய்ய முடியவில்லை’ என்று எச்சரிக்கை வந்தது, விரல் ரேகை வேலை செய்யவில்லை. திரையில் ஒரு குறையும் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவாகாத கை மாட்டியது என்பதுதான் குறை. அந்தப் பெரியவர் மகளோடு வீடியோவில் பேசியதைப் பார்த்தபோது எனக்கு அந்த எச்சரிக்கை மேல் ஆத்திரமாக வந்தது.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம், உதிரிபாகத்தை இப்படிப் பூட்டி வைப்பதற்கு எதிராக 2024ல் சட்டமே போட்டது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24 அன்று, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. போனைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு சுலபம் என்று பெட்டியிலேயே மதிப்பெண் போட வேண்டும் என்ற யோசனையோடு ஒரு குழு 2025ல் அறிக்கையும் கொடுத்தது. அந்த மதிப்பெண் சீக்கிரம் வந்தால், எங்களை மாதிரி சின்னக் கடைகளைவிட வாங்குகிறவர்களுக்குத்தான் லாபம்.

“பிளே ஸ்டேஷன் ஜாய்ஸ்டிக்கில் நான் தொடாமலே ஆள் இடது பக்கம் நடக்கிறான். வாங்கி ஒரு வருஷம் ஒரு மாசம். புதுசு 6,000 ரூபாய்.” – ஒரு இளைஞர், ஆம்பூர்

தம்பி, புதுசு வாங்காதீர்கள், கழற்றலாம்.

குச்சிக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பச்சைப் பெட்டிகள் இருக்கும். பெட்டிக்குள் கார்பன் பூசிய ஒரு வளைந்த பாதை. குச்சியை அசைக்கும்போது ஒரு உலோக நாக்கு அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும். நாக்கு நிற்கும் இடத்தை வைத்துத்தான் மெஷின் உங்கள் கையைப் புரிந்துகொள்கிறது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகாணி கரகர என்று இரையுமே, அதே கதை. உரசி உரசிப் பாதை தேயும், தேய்ந்த கருப்புப் பொடி வழியில் கிடக்கும், குச்சி நடுவில் நின்றாலும் மெஷினுக்கு இடது பக்கம் என்று படும். திறந்து பார்த்தால் அந்தப் பொடி விரல் நுனியில் கண்மை மாதிரி ஒட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் சில மாதம் தாங்கும். பாதையே தேய்ந்துபோயிருந்தால் பெட்டியை மாற்ற வேண்டும்.

காந்தத்தை வைத்து இயங்கும் ‘ஹால் எஃபெக்ட்’ குச்சிகள் கிடைக்கின்றன. உரசலே இல்லை என்பதால் தேய்வதும் இல்லை. இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1998ல் ஜப்பானில் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் மெஷினின் ஜாய்ஸ்டிக்கிலேயே காந்தம்தான் இருந்தது. அத்தனை வருடம் முன்பு தெரிந்த விஷயத்தை விட்டுவிட்டு, வாரண்டி முடிந்த கையோடு தேய்கிற பொருளை வைத்து 6,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். நிண்டெண்டோவின் சின்ன ஜாய்ஸ்டிக்குகளில் இதே தொல்லை வந்து, 2020ல் அதன் தலைவரே பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்பு கேட்டார். மன்னிப்பு கேட்டார், ஜாய்ஸ்டிக் அப்படியேதான் இருந்தது.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். குச்சியும் பெட்டிகளும் சேர்ந்த முழுத் தொகுதிக்கு 14 கால். அவசரமாக இழுத்தால் போர்டில் இருக்கும் செம்புத் தடம் கையோடு வந்துவிடும்.

“+2 முடித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட்டு டெய்லர் கடைக் கணக்கு எழுதுகிறேன். இனி இது வேலைக்கு ஆகாது, புதுசு வாங்குங்கள் என்று திரையில் வருகிறது.” – ஒரு சகோதரி, வாணியம்பாடி

நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப்போடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 போக டிபிஎம் 2.0 என்ற சிப் கேட்கும், உங்கள் லேப்டாப்பில் அது அநேகமாக இருக்காது. ஆகவே பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்ட் இலவசம், எக்ஸெல் மாதிரியே கணக்கு எழுதும் லிப்ரே ஆஃபீஸும் அதோடு வரும். தமிழில் தட்டச்சும் செய்யலாம். மாற்றும் முன் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

“ஒரு மாசம் இலவசம் என்று போட்டோ ஆப் ஒன்றில் சேர்ந்தேன். ஆப்பை அழித்த பிறகும் ஆறு மாசமாக 299 ரூபாய் போகிறது.” – ஒரு வாசகர், ஆற்காடு

ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. பணம் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் போய் அடைக்க வேண்டும். யுபிஐ என்றால் உங்கள் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதி, கார்டு என்றால் வங்கியின் தளத்தில் அந்தக் கார்டுக்கான ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் பட்டியல். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்கும் 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வந்ததா என்று பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கமும் வைத்தால் அதற்கும் மேலே சொன்ன 13 தந்திரங்களில் ஒரு பெயர் உண்டு, சந்தாப் பொறி.

“பிள்ளைகள் கேம் விளையாடியே கெட்டுப்போகிறார்கள். என் பேரனும் அப்படித்தான். கேம் நின்றுபோனால் நல்லது என்று விடாமல், அதற்காக ஏன் இவ்வளவு வரிந்துகட்டுகிறீர்கள்?” – ஓய்வுபெற்ற ஆசிரியை, ராணிப்பேட்டை

டீச்சர், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. குடியாத்தம் தாய்க்கு எழுதும்போது என் கையும் நடுங்கியது. ஆனாலும் கேம் மேலேயே எனக்குக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2005ல் எங்கள் அண்ணன் தொரப்பாடியில் ஒரு கேம் சென்டர் வைத்திருந்தார். பிளே ஸ்டேஷன் 2 மெஷின் மூன்று, ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். பாலிடெக்னிக் முடிந்ததும் நான் அங்கே போய் உட்கார்வேன். பழுது பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நாலு பையன்கள் ஆளுக்கு அஞ்சு ரூபாய் போட்டு வருவார்கள். ஒருவன் தோற்றால் அடுத்தவன் உட்காருவான். அதில் ஒருவன் திக்கித் திக்கிப் பேசுவான், பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேரமாட்டான். கால்பந்து கேமில் அவனை யாராலும் ஜெயிக்க முடியாது. அங்கேதான் அவன் சிரித்துப் பார்த்தேன். மணி ஆனதும் அண்ணன் டிவியை அணைப்பார், எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். யாருடைய வங்கிக் கணக்கில் இருந்தும் எதுவும் போகவில்லை. அன்றைக்கு ஓடிய சிடிகளில் பாதி நகல் என்பதையும் மறைக்க மாட்டேன். அசல் சிடியை அண்ணன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், இருப்பதைப் பார்த்து ஒன்றிரண்டு வாங்கி வருவார்.

அதில் ஒரு மெஷின் இன்னும் என் கடையில் இருக்கிறது. லென்ஸ் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அசல் சிடியைப் போட்டால் அப்படியே ஓடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கடிகாரம் காட்டிப் பயமுறுத்துவதில்லை, இன்னும் பணம் போடு என்று சொல்வதில்லை. விளையாடி முடித்தால் முடிந்தது. நான் வரிந்துகட்டுவது அதற்காகத்தான் டீச்சர். உங்கள் பேரனிடம் இருந்து போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அவன் விளையாடுவதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை விளையாடுகிறான், எத்தனை முறை காசு கேட்கப்படுகிறான் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மாணவர் நோட்டைத் திருத்திய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தாளை எடுத்துக்கொண்டு பேரனோடு ஒருநாள் கடைக்கு வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. மெஷினைத் துடைத்து வைக்கிறேன், ஜாய்ஸ்டிக் இரண்டு இருக்கிறது.